விலைச்சீட்டு: பெரகல குறிப்புகள்

எங்கள் லயத்துக் காம்பராவில் சாமிப் படங்களை ஒரு மரப்பெட்டியின் மேல்தான் வைத்திருந்தோம். தாத்தா கொண்டுவந்த பெட்டி. அவர் தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் ஆட்கூட்டும் பெரட்டு கலைந்ததும் தோல்பையை மாட்டிக்கொண்டு பெரகலயிலிருந்து குறுக்குப் பாதையில் ஹப்புத்தளைக்கு ஏறுவார். தபால் கந்தோரில் கடிதங்களை வாங்குவார். துரை பங்களாவுக்குக் கொழும்பிலிருந்து ரயிலில் சாமான் பெட்டி வந்திருந்தால் அதையும் தலையில் ஏற்றிக்கொண்டு, பனி மூடிய பாதையில் காலால் தடவித் தடவி இறங்குவார். பங்களாவில் சாமானை எடுத்துவிட்டு, உடைந்த பெட்டி ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பலகையில் கறுப்பு மையில் பெரிய ஆங்கில எழுத்துகள். பள்ளிக்கூடத்தில் ஆங்கில எழுத்துப் படித்த வருசம், நானாகக் கூட்டி வாசித்த முதல் சொல் அதுதான்: கார்கில்ஸ். விளக்கு வெளிச்சத்தில் வாசித்துவிட்டு, ஏதோ மந்திரம் தெரிந்துகொண்டவனைப் போல அம்மாவிடம் ஓடினேன்.

பெட்டிக்குள்ளே என்ன வரும் என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "குலுங்கினா போத்தலு, குலுங்காட்டி டின்னு. நமக்குத் தெரிஞ்சது பாரம்தாம்பா" என்பார்.

*

அந்தப் பெட்டி புறப்பட்ட இடத்தை முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். கொழும்புக் கோட்டை, யோர்க் வீதி, கார்கில்ஸ் கடை. சிவப்புச் செங்கல் கட்டிடம், கீழே வளைவுகளோடு நீளமான நடை. 1902-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் எட்வர்ட் ஸ்கின்னர். அதே மனையில் அதற்கு முன் டச்சுக்காரத் தளபதி பீட்டர் ஸ்லைஸ்கனின் வீடு இருந்தது. பிரிட்டிஷாரின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அந்த வீட்டில் குடியிருந்தார்.

வணிகம் கட்டிடத்தைவிட மூத்தது. 1844-இல் தொடங்கியது. மலைநாடெல்லாம் கோப்பிக் காடாக மாறிக்கொண்டிருந்த காலம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த தோட்டத்துரைமாருக்குச் சப்பாத்து முதல் மருந்து வரை கப்பலில்தான் வர வேண்டும். அதை இறக்கி விற்றவர்களும் ஸ்கொட்லாந்துக்காரர்களே. கடைக்குப் பெயர் தந்த டேவிட் சைம் கார்கில், பிறகு 1886-இல் பர்மா ஒயில் கம்பெனியைத் தொடங்கினார். இன்று உலகம் பிபி என்று அழைக்கும் எண்ணெய் நிறுவனம் அந்தக் கம்பெனியின் வழியாகப் பிறந்ததுதான்.

1946 மார்ச் 1-ஆம் திகதி கார்கில்ஸ் பொதுக் கம்பெனி ஆனது. பெரும்பங்கை வாங்கித் தலைவரானவர் சேர் சிற்றம்பலம் கார்டினர், யாழ்ப்பாணத் தமிழர். 1928-இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கி ஊர் ஊராகப் படம் காட்டியவர். வெள்ளைக்காரன் கடை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பெயருக்குள்ளே ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தது என்பது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

*

ஸ்டோர் என்றால் எங்களுக்குக் கடை கிடையாது. தேயிலைத் தொழிற்சாலைதான் ஸ்டோர். "ஸ்டோருக்குப் போயிட்டாரு", "ஸ்டோர் சங்கு ஊதிருச்சு". கோப்பிக் காலத்தில் கொட்டை காயவைத்துச் சேமித்த கட்டிடத்துக்கு வந்த பெயர், தேயிலை வந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. பண்டாரவளையில் ஒரு கடை வாசலில் ஸ்டோர்ஸ் என்று எழுதியிருந்ததைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு, உள்ளே கொழுந்து வாட்டுவார்கள் என்று நம்பியிருக்கிறேன். ஒரே சொல் துரைக்குச் சாமான் வாங்கும் இடம், எங்களுக்கு வேலைத்தலம். இந்த ஒரு சொல்லில் எங்கள் இருநூறு வருசத்துக் கதை முழுக்க இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

*

டம்பதென்னவுக்கு மேலே உள்ள லிப்டன் சீட் மலைமுனைக்கு வரும் வெள்ளைக்காரப் பயணிகளிடம் நான் தவறாமல் சொல்வது: தோமஸ் லிப்டன் தேயிலைக்காரர் ஆவதற்கு முன்பே பெயர் பெற்ற கடைக்காரர்.

கிளாஸ்கோவில் பிறந்த ஏழைப் பையன். பதின்ம வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை, தென் கரோலினாவில் நெல் வயலில் வேலை, அதன்பின் நியூயோர்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பகுதியில் வேலை. அவர் வாழ்க்கையைத் திருப்பியது அந்தக் கடைதான். சாமானை எப்படி அடுக்குவது, வெளிச்சம் எப்படி வைப்பது, வருகிறவரை எப்படி வரவேற்பது, ஊர் பேசும்படி எப்படி விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் அங்கே பார்த்துக்கொண்டார். ஊர் திரும்பி 1871-இல் கிளாஸ்கோவில் முதல் கடை. பன்றிகளை அலங்கரித்துத் தெருவில் ஊர்வலம் விட்டார். பிரமாண்டமான பாலாடைக்கட்டியைச் செய்வித்து, அதற்குள்ளே தங்கக் காசுகளை ஒளித்து, வெட்டி விற்றார்.

1890-இல் இலங்கைக்கு வந்தார். 1869-இல் வந்த இலைநோயில் கோப்பி அழிந்து, நிலம் மலிந்து கிடந்த நேரம். எங்கள் மலையில் டம்பதென்ன, லேமஸ்தோட்டை, மொனராகந்த என்று வாங்கிப்போட்டார். தேயிலையைத் தோட்டத்திலிருந்து நேராகக் கோப்பைக்கு என்று சொல்லி, சின்னச் சின்னப் பைக்கற்றுகளில் அடைத்து, மற்றவர்கள் மூன்று ஷில்லிங் வரை விற்ற இடத்தில் ஒரு ஷில்லிங் ஏழு பென்சுக்கு விற்றார். பிரிட்டனின் கூலித் தொழிலாளியும் தேத்தண்ணி குடிக்க முடிந்தது. விலை ஒன்றுதான், பேரம் கிடையாது.

புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் தானே வியர்வை சிந்தியவர் இங்கே வந்து லயங்களைப் பார்த்திருப்பார். பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியது என்று அறிய எனக்கு ஆசை. டம்பதென்ன ஸ்டோரைத் தாண்டி மேலே நடக்கிற ஒவ்வொரு முறையும் இதைத்தான் நினைப்பேன்.

*

லிப்டன் தொழில் கற்ற அமெரிக்கப் பெருங்கடைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்த ஒரு மழைக்காலம். எழுதி வைத்தவை:

அலெக்சாண்டர் ஸ்டுவர்ட், நியூயோர்க், 1846: சலவைக்கல் மாளிகை போல ஒரு துணிக்கடை. ஆளுக்கு ஒரு விலை கிடையாது.

ரோலண்ட் மேசி, 1858 அக்டோபர் 28. முதல் நாள் விற்பனை பதினொரு டொலர் சொச்சம். மேசி முன்பு திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை செய்தவர். அப்போது குத்திக்கொண்ட பச்சையிலிருந்த சிவப்பு நட்சத்திரம்தான் இன்றைக்கும் அந்தக் கடையின் சின்னம். கடன் கிடையாது, கைக்காசுக்கு மட்டும் என்பது அவருடைய கொள்கை. 1902-இல் ஹெரால்ட் சதுக்கத்துக்குப் போனார்கள். யோர்க் வீதியில் செங்கல் அடுக்கத் தொடங்கிய அதே வருசம்.

ஜோன் வனமேக்கர், பிலடெல்பியா, 1876: பழைய ரயில் கிடங்கை வாங்கிக் கடையாக்கினார். ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு. பிடிக்கவில்லையென்றால் காசு திரும்ப.

இவற்றில் எனக்குப் பெரிதாகப் பட்டது மாளிகையோ நட்சத்திரமோ இல்லை. நூலில் கோத்துத் தொங்கவிட்ட அந்தத் துண்டுச் சீட்டு. வாங்குகிறவரின் முகத்தையும் உடுப்பையும் பார்த்துவிட்டு விலை சொல்வதுதான் உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. சீட்டுக்குக் கண் கிடையாது. துரைச்சாணி எடுத்தாலும் கொழுந்துக்காரி எடுத்தாலும் அதில் எழுதியது எழுதியதுதான்.

*

துண்டு என்ற சொல் எங்கள் பக்கம் இன்னொரு சீட்டைக் குறித்தது. பெரிய கங்காணி தன் ஆட்களோடு ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகும்போது கொடுக்கப்படும் துண்டு. ஆட்கள் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே பேர் பதியலாம். அங்கே தொங்கவிட்ட துண்டில் சட்டைக்கு விலை, இங்கே எழுதிய துண்டில் ஆளுக்கு விலை. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கடன் ஒழியவில்லை.

*

கொப்பி.

சந்தியிலிருந்து கீழே இறங்கும் வழியில் ஒரு கடை. முதலாளியின் பெயரை எழுத மாட்டேன், அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கடன் கொப்பி. கடைசிப் பக்கங்களில் ஈரத்தில் மை ஊறி நீலமாக இருக்கும். மாவு, அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை. பத்தாம் திகதி சம்பளம் போட்டதும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். தீர்ந்ததே கிடையாது. மிச்சம் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும்.

ஒரே தேங்காயெண்ணெய்க்குக் கைக்காசு விலை ஒன்று, கொப்பி விலை ஒன்று. நாங்கள் கொப்பிக்காரர்கள். விலை கேட்க வாயெடுத்தால் "போன மாசத்து மிச்சம் எப்ப?" என்று பதில் வரும். அதனால் அம்மா விலை கேட்பதை விட்டுவிட்டாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவாள். நிற்கும் கோடு மாவு, படுக்கும் கோடு அரிசி, சின்ன வட்டம் எண்ணெய். சம்பள நாளில் அப்பா கொப்பிக் கணக்கை மனதில் சுமந்து வந்து சொல்ல, அம்மா சுவரைப் பார்த்து எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்த மாதம் எனக்கு நினைவில்லை. சுவரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது அல்லவா? கொப்பிதான் செல்லும்.

தீபாவளிக்கு முதல் வாரம் லயமெங்கும் சுண்ணாம்பு அடிப்போம். அடுப்படிச் சுவரில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு அடிக்காமல் விடச் சொல்வாள். வெள்ளைச் சுவரின் நடுவே அந்தக் கறுப்புச் சதுரம். பண்டிகைக்கு வந்த சித்தி அதைப் பார்த்து அழுக்கென்று துணியை எடுத்தபோது அம்மா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

*

இனி சியர்ஸ் கதை. இதை எழுதத்தான் இந்தக் குறிப்புப் புத்தகத்தையே திறந்தேன்.

சியர்ஸ், ரோபக் என்பது சிக்காகோவில் வளர்ந்த தபால் வணிகம். அதன் பெருங்கடைகள் பின்னால் வந்தவை. பொருள்களின் படமும் விலையும் அச்சிட்ட தடித்த புத்தகத்தை நாடெங்கும் வீடுகளுக்கு அனுப்புவார்கள். பார்த்து எழுதினால் சாமான் ரயிலில் வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்கள் ஊர்க் கடையின் கடனுக்குள்ளேயே கிடந்தன. பருத்தி விளைந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு எப்போதும் கடைக்காரர் பக்கம்தான் சாயும். வெள்ளைக்காரர் எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை கறுப்பர் ஓரமாக நிற்க வேண்டும். நல்ல துணியைக் கேட்டால் மட்டத்தைக் கொடுப்பார்கள்.

அந்த வீடுகளுக்குள் இந்தப் புத்தகம் போனது. அச்சிட்ட விலை எல்லோருக்கும் அச்சிட்ட விலைதான். எழுதுகிறவர் எந்த நிறம் என்று சிக்காகோவுக்குத் தெரியாது. எழுதத் தடுமாறுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில், எந்த மொழியில் எழுதினாலும் சரி என்று புத்தகத்திலேயே சொல்லியிருந்தார்கள். சில ஊர்களில் கடைக்காரர்கள் புத்தகங்களைச் சேர்த்துத் தீ வைத்தார்கள். எரித்தவர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சியர்ஸின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தென் மாநிலங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிக்கூடங்கள் எழும்பக் காசு கொடுத்தார். ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்குக் காசும் உழைப்பும் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தாத்தா சுமந்த பெட்டியும் அதே முறையில் வந்ததுதான். கடிதம் போகும், ரயிலில் சாமான் வரும். ஹப்புத்தளைக்கு 1893-இல் ரயில் வந்துவிட்டது. தபால் கந்தோர் இருந்தது. கடிதத்தை எடுத்துப் போனவரே எங்கள் ஆள். லயத்திலிருந்து ஒரு கடிதம் போக வேண்டியதுதான் பாக்கி. அதற்கு எழுத்து வேண்டும், கைக்காசு வேண்டும். இரண்டையும் எங்களிடமிருந்து தூரமாக வைத்திருந்தார்கள்.

*

1983. கார்கில்ஸ் கொழும்பில் ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் சுப்பர்மார்க்கெட்டைத் திறந்த வருசம். வணிக வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வருசத்தை அப்படி நினைவு வைத்திருப்பார்கள். எங்களுக்கு 1983 என்றால் ஜூலை. பதுளைத் தெருக்களில் தமிழ்க் கடைகள் எரிந்த ஜூலை. தமிழ்ப் பெயர்ப்பலகை இருந்ததற்காகக் கடை எரிந்தது. பதுளைக்குத் துணி எடுக்கப் போகும் எங்கள் தோட்டத்து ஆட்கள் பிறகு பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

*

கார்கில்ஸின் சுப்பர்மார்க்கெட்டான பண்டாரவளை பூட் சிற்றிக்கு அம்மாவைக் கூட்டிப்போன நாள்.

வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். உள்ளே போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். எதையும் தொடவில்லை. தொடலாமா என்று கண்ணால் கேட்டாள். ஒரு பருப்புப் பைக்கற்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தாள். அடுக்கின் விளிம்பில் விலை ஒட்டியிருந்ததைக் காட்டி வாசித்துச் சொன்னேன்.

"இது யாருக்கு வெல?"

"எல்லாருக்கும்தான்மா."

சிறிது நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ஒவ்வொரு அடுக்காகப் போய் "இது?", "இது?" என்று கேட்க ஆரம்பித்தாள். வாங்க நினைக்காத சாமானுக்கும் கேட்டாள். சீனி, சவர்க்காரம், டின் மீன், பூச்சிமருந்து. வாயெடுத்து விலை கேட்டு எத்தனை வருசம் ஆகியிருந்ததோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பருப்பும் ஒரு சவர்க்காரமும் மட்டும் வாங்கினோம்.

காசாளர் மேசையில் இருந்த பிள்ளை பில்லை நீட்டி, "சரியா பாத்துக்குங்கம்மா" என்று எங்கள் பேச்சிலேயே சொன்னது. எந்தத் தோட்டம் என்று அம்மா கேட்டாள். கொஸ்லந்தைப் பக்கம் என்றது. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்த பக்கம். அதற்கு மேல் அம்மா எதுவும் கேட்கவில்லை. பில்லை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

கொப்பிக்கும் நியாயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது அரைநாள் கூலிக்கான அரைப்பேர் வேலை.

அப்பா இறந்த இரவு, பதினொரு மணிக்கு, முதலாளி கதவைத் திறந்து அரிசியும் சீனியும் தேயிலையும் கொடுத்தார். எழுதிக்கொண்டாரா என்று யாரும் பார்க்கவில்லை. மறுமாதம் கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. இத்தனை வருசம் எங்கள் கணக்கைச் சாய்த்த அதே கை. பெருங்கடையில் அப்படி ஒரு இரவுக்கு இடமில்லை. அங்கே எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ இரும்புக் கதவு இறங்கிவிடும்.

2022-இல் பால்மா 400 கிராம் 790 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முந்திய வருசம்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது. போராடி வாங்கிய ஒரு நாள் சம்பளம் ஒரு பைக்கற்றில் கரைந்தது. விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், சம்பளச்சீட்டு ஒன்றில்லையே. அந்த மாதங்களில் எங்கள் லயத்திலிருந்து யாரும் பூட் சிற்றிக்குப் போகவில்லை. சந்திக் கடையில் பழைய முதலாளியின் மகன் புதுக் கொப்பிகள் வாங்கி அடுக்கினார். அவர் கொப்பியில் விலை எழுதுகிறார், கேட்டால் காட்டுகிறார். பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மாவின் கரிச்சுவர் இப்போது எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது.

*

இன்னொன்று, விவசாயம் பற்றி. 1999-இல் கார்கில்ஸ் ஹங்குரன்கெத்தயில் மரக்கறியைக் கமக்காரர்களிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கோவாவும் கரட்டும் போடுகிறவர்கள் இடைத்தரகரின் தராசைப் பற்றிச் சொல்லும் கதைகளைக் கேட்டால், விற்கிறவருக்கும் ஒரு விலைச்சீட்டு வேண்டும் என்பது புரியும். கொழுந்துக்கும் அப்படித்தான். தராசில் இலைக்கு என்று, ஈரத்துக்கு என்று, சாக்குக்கு என்று கிலோ கழிப்பார்கள். கழிப்பதை எந்தப் பலகையிலும் எழுதிப்போட்டு நான் பார்த்ததில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

*

புது வீட்டுக்கு மாறியபோது சாமிக்கு ஓடு பதித்த மாடம் கட்டினோம். பெட்டியை என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அடிப்பலகை உளுத்துவிட்டது. பக்கப் பலகை நன்றாக இருக்கிறது, எழுத்து மட்டும் மங்கி முதல் மூன்று எழுத்து போய்விட்டது. பேத்தி அதை வாசித்துவிட்டு "கில்ஸ்னா என்ன?" என்று கேட்டாள். என் தாத்தா தலையில் வைத்துச் சுமந்த பெட்டி என்றேன். எவ்வளவு பாரம் என்றாள். பழைய பேப்பர்க் கட்டுகளை உள்ளே அடுக்கி, தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கீழே வைத்தாள். "ஹப்புத்தளையிலருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.